பனி விற்கும் ஊரும் பட்டு நெய்யும் ஊரும்

ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களில் இப்போதெல்லாம் ஒரு புதிய பேச்சு அடிபடுகிறது. முகூர்த்தப் புடவை என்ன நிறம், கரை எத்தனை விரல் அகலம் என்பதெல்லாம் அரை மணியில் முடிந்துவிடுகிறது. கல்யாணமான கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கே போவது என்பதில்தான் தர்க்கம் நீளுகிறது. ஊட்டி என்றால் பெண் உதட்டைப் பிதுக்குகிறாள். கொடைக்கானல் என்றால் மாப்பிள்ளை சிரிக்கிறார். யாராவது "ஸ்விட்ஸர்லாந்து" என்று சொன்ன பிறகுதான் இருவர் முகத்திலும் வெளிச்சம் வருகிறது. ஆல்ப்ஸ் மலையில் பனியில் சறுக்கி விளையாட வேண்டுமாம்!

இந்த மாதிரிப் பேச்சு ஒன்றைக் காதில் வாங்கிய வயதான நெசவாளர் ஒருவர், குழித்தறியில் உட்கார்ந்தபடியே என்னைக் கேட்டார்:

"அங்க போயி இன்னா சார் பண்ணுவாங்க?"

"காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு, மலைமேலிருந்து பனியில் சறுக்கிக்கொண்டு வருவார்கள்."

"வுழமாட்டாங்களா?"

"விழுவார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் நாள் பூராவும் விழுவார்கள்."

"அதுக்கா காசு குடுக்கறாங்க?"

"ஆமாம் பெரியவரே, நிறையவே கொடுக்கிறார்கள்."

அவர் நாடாவை ஒரு தரம் இந்தப் பக்கமும் ஒரு தரம் அந்தப் பக்கமும் ஓட்டினார். பிறகு, "கெட்டிக்கார ஊரு சார் அது" என்றார்.

காசு கொடுத்து விழுகிறவர்களை அவர் கெட்டிக்காரர்கள் என்று சொல்லவில்லை. விழுவதற்குக் காசு வாங்குகிறவர்களைச் சொன்னார். என் அபிப்பிராயமும் அதுவே. பனிச்சறுக்கைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகத்தான் பேசுகிறார்கள். ஒன்று, வாயைப் பிளந்து பேசுகிறார்கள். அல்லது சீமான் வீட்டுப் பிள்ளைகளின் கொழுப்பு என்று தள்ளிவிடுகிறார்கள். பனியை விற்றுப் பிழைக்கும் ஊர்க்காரனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பணம் படைத்தவர் உடுத்துவதற்காகப் பணமில்லாதவர் நெய்யும் ஊர் ஆரணி. உல்லாசப் பொருளை விற்கும் இன்னொரு ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பதில் அதற்கு லாபம் உண்டு.

ஏழையின் பலகை

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைப் போக்கிவிட வேண்டும். பனிச்சறுக்கு சீமான்கள் கண்டுபிடித்த விளையாட்டு அல்ல. நார்வே நாட்டுக் குடியானவன் குளிர்காலத்தில் வேட்டைக்கும் விறகுக்கும் கோயிலுக்கும் போவதற்குக் காலில் கட்டிக்கொண்ட மரப்பலகை அது. நமக்கு மாட்டு வண்டி எப்படியோ அவர்களுக்குப் பலகை அப்படி. அந்தப் பலகையை இன்றைய விளையாட்டுக்கு ஏற்றபடி திருத்தியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஸோண்ட்ரே நூர்ஹைம். 1825-ல் டெலமார்க் பகுதியில் பிறந்தவர். சொந்த நிலமில்லாத குத்தகைக் குடியானவர். அதுவரை பலகை கால் விரலோடு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. இவர் மரத்தின் வேரை முறுக்கிக் கயிறாக்கிக் குதிகாலையும் சுற்றிக் கட்டினார். பலகை காலோடு ஒட்டிக்கொண்டதால் நினைத்த இடத்தில் திரும்பவும், குதித்து இறங்கவும் முடிந்தது. நாற்பது வயது தாண்டிய பிறகு, 1868-ல், தலைநகரில் நடந்த போட்டிக்குப் போய்ப் பட்டணத்துக்காரர்களை வாயடைக்கச் செய்தார். அத்தனை புகழும் வயிற்றை நிரப்பவில்லை. 1884-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய், அங்கேயே 1897-ல் காலமானார். கலைஞன் ஊரை விட்டுப் பிழைக்கப் போகும் கதை ஆரணிக்குப் புதிதல்ல.

ஆல்ப்ஸ் மலை ஊர்களும் அந்தக் காலத்தில் பஞ்சப் பிரதேசங்கள்தாம். நாலு ஆடு, இரண்டு மாடு, பரணில் அடைத்த வைக்கோல். கோடையில் வெள்ளைக்காரத் துரைமார்கள் மலை ஏற வருவார்கள். சில காசு புரளும். பனி விழ ஆரம்பித்ததும் விடுதிகளைப் பூட்டிவிட்டு அடுப்படியில் முடங்க வேண்டியதுதான். அவர்களுக்கு அது செத்த காலம். நமக்கு ஆடியும் மார்கழியும் போல.

இந்தச் செத்த காலத்துக்கு உயிர் வந்த கதையை ஸான்க்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 1864-ம் வருஷம். யோஹானஸ் பாட்ருட் என்ற விடுதிக்காரர், கோடை முடிந்து ஊருக்குக் கிளம்பிய நாலு ஆங்கிலேயர்களிடம் ஒரு பந்தயம் கட்டினாராம். "குளிர்காலத்தில் இங்கே வாருங்கள். மேல்சட்டை இல்லாமல் வெயிலில் உட்காரலாம். நான் சொன்னது பொய்யானால் உங்கள் பிரயாணச் செலவு என்னுடையது" என்றாராம். வந்தார்கள். ஈஸ்டர் வரையில் ஊருக்குத் திரும்பவே இல்லையாம். பாட்ருட் புதிதாக எதையும் கட்டவில்லை, எதையும் இறக்குமதி செய்யவில்லை. ஊரார் சாபம் என்று நினைத்த பனிக்கு ஒரு விலை உண்டு என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அதே ஊரில் 1928-லும் 1948-லும் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. இன்று உலகத்துக் கோடீஸ்வரர்களின் டிசம்பர் முகவரி அது.

உயரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸான்க்ட் மோரிட்ஸ் சுமார் 6,000 அடி; நம் ஊட்டி 7,300 அடிக்கு மேல். ஆனாலும் அங்கே பனி ஆள் உயரத்துக்குக் குவிகிறது. இங்கே புல் நுனியில் உறைபனியோடு சரி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வந்த வினை. ஊட்டியில் ஏன் சறுக்கு மைதானம் அமைக்கக்கூடாது என்று மனு எழுதத் தயாராக இருக்கும் நண்பர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சென்னையில் பிறந்த ஸர்

குடியானவன் பலகை கோடீஸ்வரன் காலுக்குப் போனதற்கு வழி காட்டியவர்களில் முக்கியமான ஒருவர் நம் சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர் என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! ஸர் ஆர்னால்டு லன் 1888-ல் சென்னையில் பிறந்தார். அவருடைய தகப்பனார் ஹென்றி லன் மெதடிஸ்ட் பாதிரியார், வைத்தியமும் படித்தவர். ஊழியத்துக்காக 1887-ல் இங்கே வந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் ஓராண்டு சுமாருக்குள் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து திரும்பிவிட்டார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் மிஷனரிகள் தேவைக்கு மேல் சௌகரியமாக வாழ்கிறார்கள் என்று 1889-ல் பத்திரிகையில் எழுதிச் சபைக்குள் பெரிய ரகளையைக் கிளப்பினார்.

ஆடம்பரம் கூடாது என்று சண்டை போட்ட இந்த மனிதர் அப்புறம் செய்த தொழிலைக் கேளுங்கள். சபைகளை ஒன்றுசேர்க்கும் மகாநாட்டுக்காக 1892-ல் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள கிரிண்டல்வால்டுக்கு ஆட்களை அழைத்துப் போனார். மகாநாடு என்ன சாதித்ததோ, அழைத்துப் போகும் தொழில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1905-ல் அவர் தொடங்கிய பனி விளையாட்டுக் கழகத்தின் பெயரிலேயே 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருந்தது. ஈட்டன், ஹாரோ மாதிரியான பெரிய இடத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் அந்த வட்டாரத்து மனிதர்களுக்கும்தான் இடம். அவர்களுக்காக முழு முழு விடுதிகளாகவே அமர்த்திக் கொடுத்தார். கூட்டத்தை ஒதுக்கிவைத்தால் கூட்டம் தேடி வரும் என்ற வியாபார ரகசியம் பாதிரியாருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மகன் பந்தயத்தின் விதிகளை எழுதினார். அதற்கு முன்பு வளைவில் திரும்பும்போது தோரணை எப்படி என்று பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்னால்டு லன் அதை ஏற்கவில்லை. வளைவது தடையைத் தாண்டுவதற்காக; வேகம் குறையாமல் தாண்டுகிறவனே கெட்டிக்காரன் என்றார். சரிவில் கொடிக்கம்புகளை நட்டு, அவற்றினூடே நெளிந்து நெளிந்து இறங்கவேண்டும், கடிகாரம்தான் நீதிபதி என்று 1922-ல் மியூரன் என்ற சின்ன மலையூரில் போட்டி வைத்தார். இன்றைய 'ஸ்லாலம்' அதிலிருந்து வந்ததுதான். 1931-ல் அதே மியூரனில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1936-ல் மலைச்சரிவுப் பந்தயம் ஒலிம்பிக்கில் ஏறியது. 1952-ல் அவருக்கு 'ஸர்' பட்டம் கிடைத்தது.

இந்தியச் சம்பந்தம் இதோடு நிற்கவில்லை. 1911-ல் மான்டானா என்ற ஊரில் லன் கோஷ்டி நடத்திய இறக்கப் பந்தயத்தின் கோப்பைக்கு 'ராபர்ட்ஸ் ஆஃப் காந்தஹார்' என்று பெயர். கோப்பை கொடுத்த ராபர்ட்ஸ் பிரபு, 1880-ல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் படை நடத்திப் பெயர் வாங்கியவர். பிற்பாடு சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். மியூரனில் 1924-ல் அமைந்த கழகத்துக்கும் காந்தஹார் என்றே பெயர் வைத்தார்கள். சறுக்குப் பலகை எதையும் பார்த்திராத ஒரு பாலைவனப் பட்டணத்தின் பெயரை ஆல்ப்ஸ் சரிவுகளில் இன்றும் உச்சரிக்கிறார்கள்!

யார் பைக்குப் போகிறது?

இனி நம் நெசவாளர் சொன்ன கெட்டிக்காரத்தனத்துக்கு வருவோம். வருகிறவன் சீமான், அழைத்து வருகிறவன் வெளியூர்க்காரன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளூர்க்காரன் என்ன ஆனான்? நம் நாட்டு அனுபவத்தை வைத்துச் சொன்னால், மூட்டை தூக்கியிருக்க வேண்டும். அங்கே பல ஊர்களில் அப்படி ஆகவில்லை.

மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடியில் இருக்கிறது ஸெர்மாட். அலெக்ஸாண்டர் ஸைலர் என்ற விடுதிக்காரர், அதே மாகாணத்தின் வேறு பள்ளத்தாக்கிலிருந்து 1850-களில் அங்கே வந்து ஒன்றன்பின் ஒன்றாக விடுதிகள் நடத்தினார். ஊருக்குப் பெயரும் பணமும் அவரால் வந்தன. 1871-ல் தமக்கு ஊர்க் குடியுரிமை வேண்டும் என்று கேட்டார். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பங்கு தரும் உரிமை அது. ஊரார் முடியாது என்றார்கள். கோர்ட்டு வரை போயிற்று வழக்கு. பதினெட்டு வருஷம் இழுத்து, 1889-ல்தான் அவருக்கு உரிமை கிடைத்தது.

இதற்கிடையில் ஊரார் இன்னொரு காரியம் செய்தார்கள். ஸைலர் விடுதி கட்டினால் நாம் கட்ட முடியாதா என்று, குடிமராமத்து மாதிரி ஊர் ஜனங்களே உழைத்து, 1879-ல் ஸெர்மாட்டர்ஹோஃப் என்ற பெரிய விடுதியைக் கட்டினார்கள். கல் சுமந்தவர்கள் ஆட்டுக்காரர்கள். இன்று அது ஐந்து நட்சத்திர விடுதி. அதன் சொந்தக்காரர் இன்றைக்கும் அந்த ஊர்க் குடிமக்களின் சங்கமேதான்! மலை ரயில், கம்பிவடத் தொட்டில் இவற்றை நடத்தும் கம்பெனியிலும் அந்தச் சங்கத்துக்குக் கனமான பங்கு உண்டு. சறுக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் முறையாகப் பயின்று பட்டயம் வாங்கியவர். அவருடைய கட்டணம் பள்ளியின் விலைப்பட்டியலில் இருக்கிறது. அவரிடம் போய், "ஏம்பா, அரை நாளுக்கு இவ்வளவா? பாதிக்கு வர்றியா?" என்று எந்தச் சீமானும் கேட்பதில்லை.

ஸெர்மாட் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வெளியாளைப் பதினெட்டு வருஷம் வாசலில் நிறுத்திய குணம் அவ்வளவு அழகானதல்ல. இன்று அங்கே சமையல்கட்டிலும் படுக்கை விரிப்பதிலும் முதுகு ஒடிகிறவர்களில் பெரும்பாலோர் போர்ச்சுகல் முதலான தேசங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அந்தச் சங்கத்தில் பங்கு கிடையாது. இதெல்லாம் வாஸ்தவம். ஆனாலும் பனியின் விலையில் ஒரு பகுதி பனி விழும் ஊரிலேயே தங்கும்படி அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நாம் அதைச் செய்யவில்லை.

கமண்டல நாகநதிக் கரையில் ஒரு சேலை பிறப்பதைப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு வருகிறது; சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. முறுக்குவது ஒரு வீடு, சாயம் போடுவது ஒரு வீடு. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி, அறுந்த இழையைக் கண்ணால் தேடி முடிச்சுப் போடுகிறார்கள். வீட்டம்மாள் தார் சுற்றித் தருகிறாள். கணக்கில் அவள் கூலி தனியாக வருவதே இல்லை. புருஷன் கூலியோடு சேர்ந்துவிட்டது என்பது சம்பிரதாயம். ஐப்பசி மழையில் தறிக் குழியில் ஈரம் ஊறினால் வேலை நின்றது. இத்தனையும் தாண்டிச் சேலை முடிந்ததும், நெய்தவர் அதை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வருகிறார். அதன் பிறகு அந்தச் சேலை என்ன விலைக்குப் போயிற்று, எந்தக் கல்யாணத்தில் நின்றது என்று அவருக்குத் தெரியாது. ஒருவேளை பனிமலையில் போட்டோ பிடிக்கப்பட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சேலை முதலிய சில வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-ல் பார்லிமெண்ட் சட்டம் செய்தது. இப்போது 11 வகைகள் அதில் இருக்கின்றன. ஸெர்மாட்காரர்கள் தங்கள் உரிமையைக் கோர்ட்டில் காத்த பிடிவாதத்தோடு இந்தச் சட்டத்தை யார் காக்கிறார்கள்? விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் கடையில் தொங்குகிறது. 1935-லேயே கோ-ஆப்டெக்ஸ் தொடங்கிய மாகாணம் நம்முடையது. கூட்டாக நின்று விற்பது எப்படி என்று நமக்கு யாரும் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நெசவாளர் வீட்டுப் பையன் தறியில் உட்காராமல் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறான். நூர்ஹைம் கப்பல் ஏறினார். இவன் பஸ் ஏறுகிறான்.

காஷ்மீரத்துப் பனி

"அவ்வளவு தூரம் ஏன்? நம் குல்மார்க் இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1927-லேயே அங்கே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் சறுக்குக் கழகம் வைத்தார்கள். 1948 கடைசியில் அங்கே ராணுவத்தின் சறுக்குப் பள்ளியைத் தொடங்கியவர் திம்மையா. பிற்பாடு தரைப்படைத் தலைவரான அதே குடகுக்காரர். அதுதான் இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி. 1998-ல் தொட்டில் வண்டி ஓடத் தொடங்கியது. 2005-ல் அதன் இரண்டாம் கட்டம் 13,000 அடிக்குக் கிட்டத்தில் கொண்டு விட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆரணி, வேலூர் வட்டாரத்தில் பனியை முதலில் பார்த்தது தேனிலவுத் தம்பதி அல்ல. வீட்டுக்கு ஒரு ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்பும் கிராமங்கள் இந்தப் பக்கம் உண்டு. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சுவர் சரிந்து மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அதில் நால்வர் தமிழ்நாட்டவர். ஒருவர் வேலூர் மாவட்டத்துக் கிராமத்துக்காரர். பனி என்றதும் சிரிப்பு வராத வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன.

குல்மார்க்குக்குப் போகிற உல்லாசப் பிரயாணிகளில் பெரும்பாலோர் சறுக்கக் கற்றுக்கொள்வதில்லை. மரச் சறுக்கு வண்டியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பனியில் இழுக்கிறார். ஏறுமுன் பேரம். இறங்கின பிறகும் பேரம். 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே காணோம். மாதக் கடைசி வரை மைதானம் வறண்டு கிடந்தது. 2025-ல் பனி போதாமல் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் பந்தயங்களையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் பஹல்காம் படுகொலை. கயிறு இழுப்பவர் வானத்தையும் பார்க்க வேண்டும், பத்திரிகையையும் பார்க்க வேண்டும். ஸ்விட்ஸர்லாந்திலும் பனி குறைகிறது. அங்கே சறுக்குப் பாதைகளில் ஏறக்குறைய பாதிக்கு இயந்திரத்தால் பனி தூவுகிறார்கள். அதற்குப் பணம் வேண்டும். பங்கு வைத்திருக்கிற ஊர் செலவழிக்கிறது. கூலி வாங்குகிற ஊர் பட்டினி கிடக்கிறது.

உத்தராகண்டத்து ஔலியைப் பார்த்தாவது புத்தி வர வேண்டும். சறுக்கு மைதானத்துக்குப் போகும் கம்பிவடப் பாதை கிளம்பும் ஊர் ஜோஷிமட். 2023 ஜனவரியில் அந்த ஊரே பூமிக்குள் இறங்கத் தொடங்கி, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கம்பிவட வண்டியும் நின்றது. பழைய சரிவு மண்மேல் தாங்காத பாரத்தை ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்று நிபுணர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆல்ப்ஸைப் பார்த்துக் கட்டடத்தைக் காப்பி அடிக்கிறோம். ஸெர்மாட் ஊரார் சங்கத்தை ஏன் காப்பி அடிக்கக்கூடாது?

ஆகவே, ஸ்விட்ஸர்லாந்துக்குப் போகும் மாப்பிள்ளையை நான் தடுக்கவில்லை. பணம் இருந்தால் போகட்டும். போனால் செருப்புக் காலோடு பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாமல், ஐந்து நாள் வாத்தியார் வைத்து விழுந்து எழுந்து கற்றுக்கொண்டு வரட்டும். அங்கே விலைப்பட்டியலில் போட்டிருக்கும் தொகையை முணுமுணுக்காமல் கொடுப்பார் அல்லவா? இங்கே மாத்திரம் ஏன் பட்டியல் இல்லை என்பதே என் கேள்வி.

ஆரணியில் விற்கும் ஒவ்வொரு கைத்தறிச் சேலையிலும் ஒரு சின்னச் சீட்டு இருக்கட்டும். இந்தச் சேலை நெய்ய இத்தனை நாள். நெய்தவருக்குக் கூலி இவ்வளவு. தார் சுற்றியவருக்கு இவ்வளவு. மூன்று வரி போதும். கூட்டுறவுச் சங்கங்கள் முதலில் ஆரம்பித்தால், அரசாங்கம் உத்தரவு போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூலியை அச்சிட்டால் வாங்குகிறவர் விலையைக் கேட்டுச் சண்டைக்கு வருவார் என்று வியாபாரிகள் ஆட்சேபிப்பார்கள். வரட்டுமே! கூலிக்கும் விலைக்கும் நடுவே உள்ள தூரம் நியாயமானது என்றால் அதை விளக்கிச் சொல்ல அவர்களுக்கு என்ன தயக்கம்? பட்டு விலை, ஜரிகை விலை, வட்டி, கடை வாடகை எல்லாவற்றையும் அவர்களும் எழுதி ஒட்டட்டும். கல்யாணப் பெண்ணுக்கும் தான் உடுத்தப் போகும் சேலைக்கு யார் யார் எத்தனை நாள் உழைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். அடுத்த தை முகூர்த்தத்துக்குள் எந்தச் சங்கம் முதல் சீட்டை ஒட்டுகிறது என்று பார்ப்போம்.